பார்ப்பது எளிது, திருத்துவது அரிது

தமிழ்நாட்டில் இன்று ஒரு நிலத்தின் சிட்டாவைப் பார்க்க வட்டாட்சியர் அலுவலகத்தின் படி ஏற வேண்டியதில்லை. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்து, கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணை இட்டால் போதும். பட்டா யார் பெயரில் இருக்கிறது, பரப்பு எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, தீர்வை எத்தனை ரூபாய் என்பதெல்லாம் திரையில் வந்துவிடும். அ-பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் அதே தளத்தில் பெறலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் தளத்தில் பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் வீட்டுப் பெட்டிக்குள் இருந்த கணக்கு, இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். இது சிறிய மாற்றமில்லை.

பார்த்ததில் தவறு இருந்தால் என்ன செய்வது? கேள்வி இங்கே திரும்பியதும் இணையதளத்தின் வேகம் நின்றுவிடுகிறது. மனு, விசாரணை, நில அளவரின் வருகை, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு, கடைசியில் உரிமையியல் நீதிமன்றம் என்ற பழைய பாதைதான் மிஞ்சுகிறது. ஆவணத்தைப் பார்ப்பதை மின்னணு நிர்வாகம் மலிவாக்கியது. திருத்துவதை அது பெரிதாகத் தொடவில்லை. எந்தப் பிழை எப்போது நுழைந்தது, அதைக் களைய யாருக்கு அதிகாரம், அந்த நிலம் இருக்கும் ஊருக்கும் அதன் ஊராட்சிக்கும் இதில் என்ன பங்கு என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கு எழுதியவர்கள்

தமிழ்நாட்டின் நிலப் பதிவேடுகள் ரயத்துவாரி முறையில் பிறந்தவை. 1792இல் பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தபின் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கே தொடங்கிய அளவையும் வரித் திட்டமும் பிற்பாடு சென்னை மாகாணம் முழுவதற்கும் முன்மாதிரியாயின. உழவரிடம் அரசு நேரடியாக வரி வாங்கும் முறை இது. ஆகவே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எண், பரப்பு, தரம், தீர்வை, வரி கட்டுபவரின் பெயர் ஆகியவை தேவைப்பட்டன. பட்டா என்பது அடிப்படையில் இந்த நிலத்துக்கு இவர் வரி கட்டுகிறார் என்னும் வருவாய்த் துறையின் குறிப்பு. இன்று நிலவும் குழப்பங்களில் பாதிக்கு வேர் இதுதான். வரி வசூலுக்காக எழுதிய கணக்கை, உரிமைக்குச் சான்றாக நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கணக்கை எழுதியவர் கர்ணம். வரி வசூலிப்பவர் மணியக்காரர் என்ற கிராம முன்சீப். உதவிக்குத் தலையாரி, வெட்டியான். பதவிகள் பெரும்பாலும் பரம்பரையாக வந்தவை. எந்த வரப்பு எப்போது நகர்ந்தது, எந்தக் குடும்பத்தில் வாய்மொழியாகப் பாகம் பிரிந்தது, எந்தப் புறம்போக்கை யார் உழுகிறார் என்பதெல்லாம் கர்ணத்துக்கு மனப்பாடம். அந்த அறிவே அவருடைய அதிகாரமாகவும் இருந்தது. வேண்டியவருக்கு ஒரு வரி கூடும். வேண்டாதவருக்கு ஒரு வரி குறையும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1981இல் அது சட்டமாயிற்று. 1982இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. தேர்வாணையத்தின் வழியே தேர்வாகும் கிராம நிர்வாக அலுவலர்கள் கர்ணத்தின் இடத்துக்கு வந்தனர். சமூக நீதியின் நோக்கில் அது தேவையான சீர்திருத்தம்.

ஆனால் அது நடந்த காலத்தைக் கவனிக்க வேண்டும்.

பிழைகள் நுழைந்த எட்டு ஆண்டுகள்

1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம் நடந்தது. மக்கள் வாயில் அது 'யு.டி.ஆர்.'. பல பத்தாண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்த பதிவேடுகளை நடப்பு நிலைக்குக் கொண்டுவருவதும், ஏக்கர்-சென்ட் கணக்கை எக்டேர்-ஏர் கணக்குக்கு மாற்றுவதும், அனுபவத்தில் இருப்பவர் பெயரில் பட்டா வழங்குவதும் அதன் வேலை. பல ஊர்களில் பழைய புல எண்கள் போய்ப் புதிய எண்கள் வந்தன. இன்று இணையத்தில் நாம் காணும் கிராமப்புறச் சிட்டாவின் மூலம் பெரும்பாலும் அந்தத் திட்டத்தில் எழுதப்பட்ட பதிவேடுதான்.

திட்டம் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள் கர்ணங்கள் வெளியேறினர். ஊரின் நில வரலாற்றை அறிந்தவர் போய், அதை அறியாதவர் வந்து சேர்ந்த அதே ஆண்டுகளில், மாநிலம் முழுவதற்கும் பதிவேடு புதிதாக எழுதப்பட்டது. இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததன் விளைவை வட்டாட்சியர் அலுவலகங்கள் இன்றும் சுமக்கின்றன. மனுக்களில் 'யு.டி.ஆர். பிழை' என்றே தனித் தலைப்பு வந்துவிட்டது.

அந்தப் பிழைகளில் சில வகைகள் திரும்பத் திரும்பத் தென்படும். நேரில் வந்து நின்ற அண்ணன் பெயரில் பட்டா ஏறும். வெளியூர் போன தம்பிகளின் பெயர் விட்டுப்போகும். தந்தை பெயர் தவறாக விழும். நான்கு பேர் அனுபவிக்கும் நிலம் ஒருவர் பெயரில் சேரும். பட்டா நிலம் புறம்போக்கு என்றும் புறம்போக்கு பட்டா நிலம் என்றும் வகை மாறும். ஏக்கரை எக்டேராக மாற்றுகையில் சில சென்ட் காணாமற்போகும். பத்திரத்தில் பழைய எண், பட்டாவில் புதிய எண், இரண்டையும் பொருத்திக் காட்டும் பதிவேடு கிழிந்த நிலை.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எண்ணிப் பார்க்கலாம். தாத்தாவின் மூன்று ஏக்கரை மூன்று மகன்கள் 1970களில் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டனர். ஆளுக்கு ஓர் ஏக்கர்; வரப்பும் போட்டாயிற்று. திட்டத்தின்போது மூத்தவர் பெயரில் மூன்று ஏக்கரும் ஏறியது. அவர் இருந்தவரை சச்சரவில்லை. அவர் மகன் வங்கிக் கடனுக்குச் சிட்டா எடுக்கும்போது மூன்று ஏக்கரும் தன் தந்தையுடையது என்று காண்கிறார். சித்தப்பாவின் பேரன் அதே சிட்டாவை இணையத்தில் பார்த்துத் திடுக்கிடுகிறார். நாற்பது ஆண்டுகள் உறங்கிய பிழையை மின்னணுப் பதிவேடு எழுப்பிவிட்டது. எழுப்பியது நல்லதே. அதைத் தீர்க்கும் வழி அதே வேகத்தில் வளரவில்லை என்பதுதான் குறை.

கணினிக்குள் போனவை, போகாதவை

நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் மத்திய அரசின் திட்டம் 1988-89இல் நாட்டின் எட்டு மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது. 2008இல் அது தேசிய நில ஆவண நவீனமயத் திட்டமாகவும், 2016இல் டிஜிட்டல் இந்தியா திட்டத்தின் ஒரு பகுதியாகவும் மாறியது. தமிழ்நாட்டில் வட்ட அலுவலகங்களின் தனித்தனிக் கணினிகளில் இருந்த தரவுகள் பிற்பாடு 'தமிழ் நிலம்' என்ற இணையவழி மென்பொருளில் ஒன்றாயின. புலப்படங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் 'கொலாப்லேண்ட்' மென்பொருள் கொண்டு எண்ணியல் வடிவமாக்கினர். 2022இல், எங்கிருந்தும் எந்நேரமும் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கும் வசதி வந்தது.

இவை எல்லாவற்றிலும் நடந்தது பெரும்பாலும் நகலெடுப்பு. தாளில் இருந்ததைத் தட்டச்சு செய்தார்கள். வயலுக்குப் போய்ச் சரிபார்க்கவில்லை. ஆக, யு.டி.ஆர். பிழையோடு தட்டச்சுப் பிழையும் சேர்ந்தது. தாளில் இருந்தபோது ஒரு பிழைக்கு அருகிலேயே பென்சில் குறிப்போ, அடித்தலோ, சிவப்பு மைத் திருத்தமோ இருக்கும். படிப்பவருக்கு அது எச்சரிக்கை. திரையில் வரும் ஒழுங்கான அட்டவணைக்கு அப்படிப்பட்ட தடயம் கிடையாது. கணினி எழுத்தில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற மயக்கமும் சேர்கிறது.

இன்னொரு இழப்பு வரலாறு. இணையச் சிட்டா நடப்பு நிலையையும், அதிகம் போனால் கடைசி மாறுதல் ஆணையின் எண்ணையும் சொல்லும். அதற்கு முன் யார், எந்த ஆதாரத்தால், எந்த அலுவலர் கையெழுத்தில் என்ற தொடர்ச்சியை அது சொல்லாது. நிலத் தகராறில் முக்கியமானது அந்தத் தொடர்ச்சியே. வழக்கறிஞர் மூலப் பத்திரத்தைத் தேடுவதும், பழைய அ-பதிவேட்டின் நகலுக்கு மனுச் செய்வதும் அதற்காகத்தான்.

புலப்படத்துக்கும் இது பொருந்தும். ஒரு புலத்தின் மூலைவிட்டக் கோட்டையும் அதிலிருந்து இருபுறமும் அளந்த செங்குத்துத் தூரங்களையும் கொண்டு வரைந்தது அது. அந்தக் கணக்கு நிலத்தில் நட்ட கற்களை நம்பி இருக்கிறது. கற்கள் பல ஊர்களில் காணாமற்போய்விட்டன. சில இடங்களில் வேண்டுமென்றே நகர்த்தப்பட்டன. திரையில் கோடு துல்லியம். வயலில் அந்தக் கோட்டுக்கு ஆதாரமான கல் இல்லை.

ஒரே நிலம், மூன்று கணக்கு

நிலத்தை விற்றால் பத்திரம் பதிவாவது சார்பதிவாளர் அலுவலகத்தில். அதற்கு 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பெயர் மாறுவது வட்டாட்சியர் அலுவலகத்தில். அதற்கு வருவாய் நிலை ஆணையும் 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டமும். எல்லை அளப்பது நில அளவைத் துறை. அதற்கு 1923ஆம் ஆண்டின் சர்வே மற்றும் எல்லைகள் சட்டம். மூன்றுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனிப் படிநிலை. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்கிறாரே தவிர, விற்பவருக்கு உரிமை உண்டென்று சான்றளிப்பதில்லை. பட்டா மாறுதலும் உரிமையைத் தருவதில்லை என்று 2007ஆம் ஆண்டின் சூரஜ் பான் வழக்கு உள்ளிட்ட பல தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உரிமை பற்றிய உண்மையான பிணக்கை வருவாய் அலுவலர் முடிவு செய்யக் கூடாது, உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லி வந்துள்ளது.

இந்த மூன்றையும் இணைப்பதில் தமிழ்நாடு முன்னேறியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2018இல் பதிவுத் துறை 'ஸ்டார் 2.0' மென்பொருளுக்கு மாறியபின் பதிவான பத்திரத்தின் விவரம் நேரடியாக வருவாய்த் துறைக்குச் செல்கிறது. ஒரு புல எண் அல்லது உட்பிரிவு முழுவதுமாகக் கைமாறினால், ஏற்கெனவே விற்பவர் பெயரில் மட்டும் பட்டா இருந்தால், பெயர் மாற்றம் பெரும்பாலும் தானாக நடக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டின் நிலம் அப்படி முழுசாகக் கைமாறும் நிலமில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 79.38 லட்சம் கைப்பற்றுகள். சராசரிப் பரப்பு 0.75 எக்டேர், சிறு, குறு உழவர்களின் பங்கு 93 விழுக்காடு. இங்கே விற்பனையும் பாகப் பிரிவினையும் துண்டாக்கலோடுதான் வரும். துண்டானால் உட்பிரிவு வேண்டும். உட்பிரிவுக்கு நில அளவர் வயலுக்கு வர வேண்டும், பக்கத்து நிலக்காரருக்கு அறிவிப்புப் போக வேண்டும், படம் வரைந்து ஒப்புதல் பெற வேண்டும். இந்த மனித வேலையை எந்த மென்பொருளும் குறைத்துவிடாது. பட்டா மாறுதலுக்குக் கையூட்டு வாங்கியதாக லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்யும் செய்திகள் இணையவழி விண்ணப்பம் வந்த பிறகும் அடங்காததற்குக் காரணம் இதுவே. விண்ணப்பம் மட்டுமே இணையத்துக்கு மாறியது. காத்திருப்பு வயலிலும் மேசையிலும் அப்படியே இருக்கிறது.

ஊராட்சிக்கு இடமில்லாத பதிவேடு

நில நிர்வாகம் பற்றிய பேச்சில் அடிக்கடி விட்டுப்போவது உள்ளாட்சி. தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன. வருவாய்க் கிராமங்கள் பதினாறாயிரத்துக்கும் மேல். இரண்டின் எல்லைகளும் ஒன்றல்ல. ஒரு வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பிரிந்து கிடக்கும். ஓர் ஊராட்சிக்குள் மூன்று வருவாய்க் கிராமங்கள் இருக்கும். ஆகவே "எங்கள் ஊராட்சியின் நிலம் எது?" என்ற எளிய கேள்விக்கே ஒரே பக்கத்தில் விடை கிடைப்பதில்லை.

1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, இடுகாடு, மந்தைவெளி, தோப்பு போன்ற புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் வைக்கிறது. ஆனால் அவற்றின் பதிவேடு வருவாய்த் துறையின் கையில். வகைப்பாட்டை மாற்றுவதும் அதன் வழியே. மேய்க்கால் புறம்போக்கு வேறு வகையாக மாறியதை ஊராட்சித் தலைவர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து பிற்பாடு தெரிந்துகொள்ளும் நிலை உண்டு. பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கு மீட்டுத் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மாநிலத்தின் ஏரி, கண்மாய்கள் சுமார் 39,000. அவற்றில் பொதுப்பணி வழிவந்த நீர்வளத் துறைக்குச் சில, ஊராட்சி ஒன்றியங்களுக்குச் சில என்று பராமரிப்புப் பிரிகிறது. பதிவேடு மட்டும் மூன்றாவது இடத்தில்.

மனைப்பிரிவுகளில் இந்த இடைவெளி இன்னும் வெளிப்படை. பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலைகள் போக மிஞ்சும் பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, சாலைகளோடு சேர்த்து உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பத்திரம் எழுதப்படும், உள்ளாட்சி அதைக் கோப்பில் வைக்கும். பட்டா மாறுதலுக்கு அது மனுச் செய்யாவிட்டால், சிட்டாவில் பழைய உரிமையாளர் பெயரே நீடிக்கும். சில ஆண்டுகள் கழித்து அந்தச் சாலையோ பூங்காவோ வேறொருவருக்கு விலைபோகும். இணையச் சிட்டாவை நம்பி வாங்கியவரும் ஏமாறுகிறார். பூங்காவை நம்பி மனை வாங்கியவரும் ஏமாறுகிறார்.

அங்கீகாரமற்ற மனைகள் இந்தப் பிளவின் பெரிய வடிவம். விளைநிலத்தைத் துண்டுபோட்டு விற்றபோது சார்பதிவாளர் பதிவு செய்தார், வருவாய்த் துறை பட்டா மாற்றியது, ஊராட்சி வீட்டு வரி போட்டது, மின் இணைப்பும் வந்தது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் மட்டும் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபின்தான் 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. ஒவ்வொரு துறையும் தன் கணக்கில் சரியாக நடந்துகொண்டு, எல்லாரும் சேர்ந்து ஒரு பெருந்தவறைச் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அடங்கலும் குத்தகையும்

சிட்டா உடைமையைச் சொல்கிறது என்றால், அடங்கல் சாகுபடியைச் சொல்கிறது. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம், நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது என்று காவிரிப் படுகை உழவரின் வாழ்க்கை அடங்கல் சான்றைச் சுற்றியே நகர்கிறது. கோயில், மடம், வெளியூர் மிராசு ஆகியோரின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவரின் பெயர் பட்டாவில் இருக்காது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தும், வாய்மொழிக் குத்தகையே மிகுதி. அவருக்கு, "இவர்தான் பயிர் வைத்திருக்கிறார்" என்று நேரில் பார்த்து எழுதும் கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்துதான் ஆதாரம். உடைமைப் பதிவேட்டை மட்டும் அடிப்படையாகக் கொண்ட எந்தத் திட்டமும் இவரைக் கண்ணில் காணாது.

இதன் மறுபுறமும் உண்டு. 2019இல் தொடங்கிய பிரதமரின் விவசாயிகள் நிதித் திட்டத்தில், உழவர் தாமே இணையத்தில் பதிவு செய்யும் வழி திறக்கப்பட்டது. களச் சரிபார்ப்பு நெகிழ்ந்தது; அலுவலர்களின் கடவுச்சொற்கள் தவறான கைகளுக்குப் போயின. 2020இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்ற சுமார் 5.5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனது வெளிப்பட்டது. கிராமத்தில் யாருக்கு நிலமில்லை என்பது கிராமத்துக்குத் தெரியும். அவர்களிடம் கேட்கும் படி அந்த நடைமுறையில் இல்லை.

அண்டை மாநிலங்களின் பாடம்

கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் 2000களின் தொடக்கத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. சுமார் 9,000 கிராமக் கணக்கர்களின் கையிலிருந்த இரண்டு கோடி ஆவணங்கள் 177 வட்ட மையங்களின் கணினிகளுக்குப் போயின. பதினைந்து ரூபாய்க்கு நகல் கிடைத்தது. மாறுதல் மனுக்களை வந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும் என்று மென்பொருளே கட்டாயப்படுத்தியது. ஆனால் சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சுட்டியது. முடிவெடுக்கும் இடம் கிராமத்திலிருந்து வட்டத்துக்கு நகர்ந்ததும், கையூட்டும் அங்கே நகர்ந்தது. பெங்களூரைச் சுற்றி நிலம் திரட்டும் பெரிய நிறுவனங்களுக்குத் திரட்டிய தரவு வசதியாயிற்று. சிறு உழவருக்கு நடை கூடியது.

தெலங்கானா இன்னும் தீவிரமாகப் போனது. 2020 செப்டம்பரில் கிராம வருவாய் அலுவலர் பதவியைச் சட்டம் போட்டு ஒழித்தது. அக்டோபர் 29 அன்று 'தரணி' தளத்தைத் தொடங்கியது. வேளாண் நிலத்தின் பதிவும் பெயர் மாற்றமும் ஒரே நேரத்தில் வட்டாட்சியர் மேசையில் முடிந்தன. பிழையில்லாத நிலத்துக்கு அது அற்புதமான வசதி. பிழையுள்ள நிலத்துக்கோ ஊரில் கேட்க ஆளில்லை, மேல்முறையீட்டுக்குப் படியில்லை. மனுக்கள் மாவட்ட ஆட்சியரிடம் குவிந்தன. 2023 சட்டமன்றத் தேர்தலில் 'தரணி' ஒரு முக்கிய விவாதமாயிற்று. ஆட்சி மாறியபின் 2025 ஏப்ரலில் 'பூ பாரதி' சட்டம் நடைமுறைக்கு வந்தது. மேல்முறையீட்டு வழி மீண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சுமார் 5,000 கிராம ஆட்சி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். ஊரில் ஓர் அலுவலர் வேண்டும் என்ற முடிவுக்கு ஐந்தே ஆண்டுகளில் அந்த மாநிலம் திரும்பிவிட்டது.

ஊர் அறிவின் எல்லை

இதனால் நிலப் பதிவேட்டை ஊர்க் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று முடிவுகட்டுவது ஆபத்து. ஊர் என்பது ஒருமுகமான நல்லறிவு அன்று. பஞ்சமி நிலத்தின் கதை இதைச் சொல்லும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892இல் அரசு, தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் ஒப்படைக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது ஊரறியத்தான். 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த நிபந்தனை, பின்னாளைய சிட்டாவில் வெளிப்படையாகத் தெரிவதில்லை. இந்த இடத்தில் ஊரின் நினைவைவிடப் பழைய தாளே நம்பகமான சாட்சி.

பெண்களின் நிலையும் அப்படியே. மகளுக்குச் சம பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. ஆனால் தந்தை இறந்தபின் பட்டாவில் ஏறுவது பெரும்பாலும் மகன்கள் பெயரே. மகள்களிடம் விடுதலைப் பத்திரம் வாங்கப்படுகிறது. சில வீடுகளில் அதுகூடக் கேட்கப்படுவதில்லை. "அந்த நிலம் அண்ணன் தம்பிக்குத்தானே" என்று ஊர் சாட்சி சொல்லும்.

ஆகவே ஊரின் பங்கு முடிவு சொல்வதாக இருக்கக் கூடாது. ஆட்சேபம் எழுப்பவும், தகவல் தரவும், வெளிப்படையாகக் கேள்வி கேட்கவும் அதற்கு உரிமை வேண்டும். முடிவு சட்டப்படியான அலுவலருடையது. அது எழுத்தில், காரணத்தோடு, மேல்முறையீட்டுக்கு உட்பட்டு இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

இதற்கான அமைப்புகள் புதிதாகத் தேவையில்லை. ஜூலையில் தொடங்கும் ஒவ்வொரு பசலி ஆண்டின் கிராமக் கணக்குகளையும் தணிக்கை செய்ய ஜமாபந்தி என்ற வருவாய்த் தீர்வாயம் இருக்கிறது. நடைமுறையில் அது மனு வாங்கும் நாளாகச் சுருங்கிவிட்டது. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். அதன் பொருள் நிரலில் நிலப் பதிவேடு இடம்பெறுவதில்லை. இவ்விரண்டையும் இணைக்க வேண்டும். ஓர் ஆண்டில் அந்தக் கிராமத்தில் நடந்த எல்லாப் பட்டா மாறுதல், உட்பிரிவு, புறம்போக்கு வகை மாற்றங்களின் பட்டியலைத் தீர்வாயத்துக்கு முந்தைய கிராம சபையில் படித்து, ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆட்சேபம் எழுத்தில் பதிவாக வேண்டும். கிராமப்புற உள்ளாட்சிப் பதவிக்காலம் 28 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்ததைப்போல் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இல்லாத காலங்களில், பொது நிலத்தின் வகை மாற்றங்களை நிறுத்திவைப்பது நல்லது.

அடுத்து, சிட்டாவோடு வரலாறு. ஒவ்வொரு புல எண்ணுக்கும் யு.டி.ஆருக்கு முந்தைய எண், அப்போது எழுதிய பெயர், பின் வந்த ஒவ்வொரு மாறுதலின் ஆணை எண், தேதி, ஆணையிட்ட அலுவலரின் பதவி, ஒப்படை நிபந்தனை ஆகியவை இணையத்தில் தெரிய வேண்டும். தாளில் இருப்பதைத் தட்டச்சு செய்வதைவிடத் தாளையே படமெடுத்து இணைப்பது நம்பகமானது.

மூன்றாவது, பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. இதற்கு நல்ல முன்மாதிரி உள்ளேயே உண்டு. இந்து சமய அறநிலையத் துறை தன் கோயில்களின் 4.78 லட்சம் ஏக்கர் நிலத்தின் பதிவேட்டைத் தமிழ் நிலம் தரவோடு ஒப்பிட்டு, முழுதும் பொருந்துபவை, பகுதி பொருந்துபவை என்று பிரித்தது. 2021இல் சுமார் 3.43 லட்சம் ஏக்கருக்கான ஆவணங்களை இணையத்தில் வெளியிட்டது. பொருந்தாதவை எவை என்று தெரிந்ததே அதன் பெரும்பயன். ஒவ்வோர் ஊராட்சியும் பேரூராட்சியும் தன் புறம்போக்குகள், சாலைகள், பூங்காக்கள், தானப் பத்திரங்கள் ஆகியவற்றை இதே முறையில் ஒப்பிட வேண்டும். மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல் தரும் முன்னரே சாலை, பூங்காவின் பட்டா உள்ளாட்சி பெயருக்கு மாறியிருக்க வேண்டும்.

நான்காவது, பிழைக்குப் பொறுப்பு. பதிவேட்டில் பிழை செய்தது அரசு. அதைத் திருத்த அலைபவர் குடிமகன். யு.டி.ஆர். காலப் பிழை என்று ஆவணத்திலிருந்தே தெரியும் இனங்களில், மனு வராமலேயே திருத்தம் தொடங்கும் கடமை துறைக்கு இருக்க வேண்டும். கட்டணம் கூடாது, காலவரம்பு வேண்டும், மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும். இதற்கு மென்பொருளைவிட நில அளவர்களே அதிகம் தேவை. மின்னணுத் திட்டங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு அவர்களை நியமிக்கவும், கற்களைத் திரும்ப நடவும் போக வேண்டும்.

இவை நடக்கும்வரை வாசகருக்கு ஒரு வார்த்தை. உங்கள் நிலத்தின் சிட்டாவை இன்றே இணையத்தில் எடுத்துப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், பரப்பு, உட்பிரிவு ஆகியவற்றைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். உடன்பிறந்த பெண்களின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் ஊரின் மேய்ச்சல் தரை, குளம், சுடுகாடு ஆகியவற்றின் அ-பதிவேட்டு நகலையும் எடுத்து, அடுத்த கிராம சபையில் அதைப் பற்றிக் கேளுங்கள். தவறு தெரிந்தால் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே மனுச் செய்யுங்கள்; சாட்சி போனபின் பதிவேடு சொல்வதுதான் உண்மையாகிவிடும்.